நகம் தேய்த்த உடும்பு

ஒரு காட்டில் ஒரு மொட்டைப் பாறை இருந்தது. காடு என்றதும் சிங்கம் எங்கே, ராஜா எங்கே என்று கேட்காதீர்கள், பிள்ளைகளே. அந்தக் காட்டில் சிங்கமும் இல்லை, ராஜாவும் இல்லை. தண்ணீர்தான் ராஜா. அந்தத் தண்ணீர் மொட்டைப் பாறையின் உச்சியில், ஒரு சின்னச் சுனையில் இருந்தது.

மழைக்காலத்தில் சுனையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கீழே குட்டை நிறைந்து கிடக்கும். மாசி பிறந்தால் குட்டை வற்றிச் சேறாகிவிடும். பிறகு சுனையை விட்டால் வேறு கதி இல்லை. பாறையோ செங்குத்தாக, வழவழவென்று இருக்கும். முயலால் ஏற முடியாது. கீரி பாதி ஏறிச் சறுக்கி விழும். முள்ளம்பன்றியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஏறக்கூடியவன் ஒரே ஒருவன்தான். அவன் அழுத்தன் என்கிற உடும்பு. தினமும் மாலையில் ஒரு நீளமான காட்டுக்கொடியை இடுப்பில் சுற்றிக்கொண்டு விறுவிறுவென்று உச்சிக்குப் போய்விடுவான். அங்கே நான்கு கால் நகங்களையும் பாறை வெடிப்பில் ஊன்றிக் குப்புறப் படுத்துக்கொள்வான். கீழே தொங்கும் கொடியைப் பிடித்துச் சின்ன மிருகங்கள் ஒவ்வொன்றாக மேலே போகும். தண்ணீர் குடித்துவிட்டு அதே கொடியில் இறங்கும்.

அதற்கு ஒரு வழக்கம் இருந்தது. ஏறுகிறவர் கீழே நின்று, "பிடித்திருக்கிறாயா?" என்று கேட்க வேண்டும். அழுத்தன் மேலேயிருந்து, "பிடித்திருக்கிறேன், வா" என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல் வந்த பிறகுதான் கொடியில் கால் வைப்பார்கள். அவன் சொல்லை நம்பி ஏறியவர் யாரும் விழுந்ததில்லை. அதனாலேயே அவனை யாரும் பெரிதாகப் புகழ்ந்ததும் இல்லை. தினம் வீசுகிற காற்றுக்கு யார் மாலை போடுகிறார்கள்?

பாறையடியில் ஒரு நரி சுற்றிக்கொண்டே இருக்கும். கடைசியாக ஏற நிற்பவர் மேல்தான் அதற்குக் கண். தும்பை என்று ஒரு முயல் இருந்தாள். போன கோடையில் அவளுடைய தங்கையை நரி அப்படித்தான் தூக்கிக்கொண்டு போயிற்று. தும்பை பக்கத்திலேயே நின்றிருந்தாள். கால் நகரவில்லை.

அந்த வருஷம் ஐப்பசிப் புயலில் ஒரு நாரை வழி தவறி அந்தக் காட்டுக்கு வந்து சேர்ந்தது. அது கொரியா நாட்டு நாரை. தன் பெயரை எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தது. ஒருவர் வாயிலும் நுழையவில்லை. கடைசியில் எல்லாரும் கொரியா நாரை என்றே கூப்பிட்டார்கள். பங்குனியில் காற்று திரும்பினால்தான் அது ஊருக்குக் கிளம்ப முடியும். சும்மா இருந்து பழக்கமில்லாத அது, குட்டைக்கரை மணலில் தன் நாட்டுப் பழைய விளையாட்டு ஒன்றைத் தன்னந்தனியாக ஆடிக்கொண்டிருந்தது.

அதற்குத் தெக்கியோன் என்று பெயர். பார்த்தால் நாட்டியம் மாதிரி இருக்கும். ஆனால் அது சண்டைக் கலை. முக்கோணத்தின் மூன்று மூலைகளில் வைப்பது போலக் காலை மாற்றி மாற்றி வைத்து, முழங்காலை வளைத்து, இடுப்பை ஆட்டி, "இக்கு! எக்கு!" என்று குரல் கொடுத்துக்கொண்டே ஆட வேண்டும். எதிரி அசந்த நேரம் பார்த்து, அவன் ஊன்றிய காலைத் தன் காலால் தட்டிவிட வேண்டும். அவன் விழுந்தால் ஆட்டம் முடிந்தது. அடித்து நொறுக்குவதற்கு அதில் இடமில்லை.

தும்பை போய், எனக்கும் சொல்லிக் கொடு என்றாள். நாரை யாரையும் உடனே சேர்த்துக்கொள்வதில்லை. மூன்று நாள் வந்து ஆடிப் பார், நான்காம் நாள் ஏன் வந்தாய் என்று சொல், அதற்குப் பிறகு இது உனக்கு ஒத்து வருமா என்று பேசலாம் என்றது. நான்காம் நாள் தும்பை மறைக்காமல் சொன்னாள். "நரியைக் கண்டால் என் கால் நின்றுவிடுகிறது. இதை ஆடும்போது நிற்பதில்லை."

நாரை அவளைச் சேர்த்துக்கொண்டது. கார்த்திகை, மார்கழி, தை என்று மூன்று மாதம் தும்பை மணலில் ஆடினாள். விழுந்தாள், எழுந்தாள், மறுபடியும் விழுந்தாள். அதையெல்லாம் யாரும் பார்க்கவில்லை.

மாசியில் குட்டை வற்றியது. ஒரு மாலை எல்லாரும் கொடிக்காகக் காத்திருந்தபோது நரி வந்தது. மற்றவர்கள் சிதறி ஓடினார்கள். தும்பை ஓடவில்லை. காலை மாற்றி மாற்றி வைத்து ஆடினாள். நரி சிரித்துக்கொண்டே முன்னங்காலை எடுத்து வைத்தது. தும்பை அந்தக் காலைத் தட்டிவிட்டாள். நரி குட்டைச் சேற்றில் முகம் குப்புற விழுந்து, மீசையெல்லாம் சேறாக எழுந்து ஓடியது.

பிறகு கேட்க வேண்டுமா? கீரி தன் இரண்டு குட்டிகளிடமும் தும்பைச் சித்தியைப் போல இருக்க வேண்டும் என்றது. முள்ளம்பன்றி "இக்கு! எக்கு!" என்று ஆடிக் காட்டப் போய்ப் பக்கத்தில் நின்றவர்களையெல்லாம் குத்தியது. கொடியில் ஏறும்போதும் தும்பை பேச்சுதான், இறங்கும்போதும் தும்பை பேச்சுதான். அந்தக் கொடியை இடுப்பில் சுற்றிக்கொண்டு ஒருவன் மேலே குப்புறப் படுத்திருக்கிறானே, அவனை யாரும் நினைக்கவில்லை.

அழுத்தனுக்கு வயிறு பற்றி எரிந்தது. ஆறு கோடையாக நான் பிடித்துக்கொண்டு கிடக்கிறேன், இவள் ஒரே ஒரு தடவை காலை ஆட்டினாள், அதற்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று நினைத்தான். தும்பை மேலே வந்து, பார்த்தாயா அண்ணா என்று ஆசையாகக் கேட்டாள். அவன் எல்லாவற்றையும் பார்த்திருந்தான். ஆனாலும், பார்க்கவில்லை, சீக்கிரம் குடித்துவிட்டு இறங்கு, கொடி கனக்கிறது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மறுநாள் காலையில் அழுத்தன் நாரையின் மணலில் போய் நின்றான். நாரை அவனுக்கும் அதே மூன்று நாளைச் சொன்னது.

அந்த மூன்று நாளும் அவன் பட்ட பாடு கொஞ்சமல்ல. உடும்புக்குக் கால் குட்டை, வயிறு தரையைத் தொடும், பின்னால் கனத்த வால் வேறு. பின்னங்காலில் எழுந்து நின்றால் வால் முட்டுக் கொடுக்கும். வாலை எடுத்தால் ஆளே சாய்ந்துவிடுவான். காலை இழுத்து வைக்கப் பார்த்தால் நகம் மணலில் மாட்டிக்கொண்டது. தும்பை வந்து, இடுப்பை முதலில் திருப்பு அண்ணா, கால் தானாக வரும் என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள். பொறாமைக்காரனுக்கு உதவி செய்து பாருங்கள், பிள்ளைகளே. அடித்தாலாவது பொறுத்துக்கொள்வான், உதவியைப் பொறுக்க மாட்டான்.

நான்காம் நாள் நாரை அவனை உட்கார வைத்துக் கேட்டது.

"ஏன் வந்தாய்?"

"உடம்புக்கு நல்லது என்று வந்தேன்."

"யாரும் பார்க்காவிட்டாலும் ஆடுவாயா?"

"ஆடுவேன்" என்றான் அழுத்தன். சொல்லும்போதே யாராவது கேட்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்துக்கொண்டான்.

நாரை ஒற்றைக் காலுக்கு மாறி நின்றது. பிறகு மெதுவாகச் சொன்னது. "எங்கள் நாட்டில் இன்னொரு விளையாட்டு இருக்கிறது. அதற்குச் சிரும் என்று பெயர். எதிரியின் இடுப்பிலும் தொடையிலும் கட்டியிருக்கிற துணியைப் பிடித்து, பிடியை விடாமல் ஆளைச் சாய்க்க வேண்டும். பிடி இருக்கிறவன்தான் அதில் ராஜா. உன்னைப் பார்த்தால் எனக்கு அதுதான் ஞாபகம் வருகிறது. எனக்கு அது வராது, பிடிக்க எனக்குக் கை ஏது? இன்னும் மூன்று நாள் யோசித்துப் பார், அழுத்தா."

நல்ல வார்த்தைதானே? ஆனால் அழுத்தன் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. முயலுக்கு விருந்து, எனக்கு மிச்சம் மீதியா என்று பொருமினான். தும்பைதான் நாரையிடம் ஏதோ கோள் சொல்லியிருக்கிறாள் என்று வேறு முடிவு கட்டினான். யோசிக்கக் கொடுத்த மூன்று நாளில் அவன் யோசிக்கவில்லை. என்ன செய்தான் தெரியுமா? ஒரு புதர் மறைவில் சொரசொரப்பான கல்லைத் தேடிப் பிடித்து, பின்னங்கால் நகங்களைத் தேய்க்க ஆரம்பித்தான். நகம்தானே மணலில் மாட்டுகிறது, அதை ஒழித்துவிட்டால் போயிற்று என்பது அவன் கணக்கு.

இரண்டு நாள் தேய்த்தான். இரண்டாம் நாள் இரவில்தான் பத்து நகமும் முழுதாக மழுங்கிப் போயின. மூன்றாம் நாள் மணலில் நின்றபோது கால் எங்கும் மாட்டாமல் வழுக்கிக்கொண்டு போயிற்று. உதை என்னவோ தவளை உயரத்துக்குத்தான் எழும்பியது. ஆனாலும் அந்தப் பக்கமாகப் போன கீரி, பரவாயில்லையே, நீயும் ஆடுகிறாயே என்றது. அந்த ஒரு வார்த்தைக்கு அழுத்தனின் நெஞ்சு குளிர்ந்துபோயிற்று.

தும்பை மட்டும் மணலில் பதிந்த தடத்தையே உற்றுப் பார்த்தாள். "அண்ணா, உன் பின்னங்கால் நகமெல்லாம் எங்கே?"

"உன்னை மிஞ்சிவிடுவேன் என்று பயமா? உன் வேலையைப் பார்."

தும்பையின் முகம் வாடிவிட்டது.

அன்று மாலையும் தாகம் வந்தது. அது யாருக்காகவும் காத்திருக்காது. அழுத்தன் கொடியைச் சுற்றிக்கொண்டு பாறையில் ஏறினான். முன்னங்கால் இழுத்தது, பின்னங்கால் சறுக்கியது. இரண்டு தடவை நழுவி, மூச்சு வாங்க உச்சிக்குப் போய்ச் சேர்ந்தான். வெடிப்பில் பின்னங்காலை ஊன்றிப் பார்த்தான். பிடிக்கவில்லை. உடம்பின் கனமெல்லாம் முன்னங்காலில் வந்து விழுந்தது.

இன்றைக்கு முடியாது என்று அவன் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தான். அப்போது கீழே தும்பை நிற்பது கண்ணில் பட்டது. சொன்னால் அவள் கேட்டது சரியென்று ஆகிவிடுமே! அந்த ஒரு நினைப்பு அவன் வாயை அடைத்துவிட்டது.

கீரி இரண்டு குட்டிகளையும் முதுகில் ஏற்றிக்கொண்டு கொடியருகே வந்தது. "பிடித்திருக்கிறாயா, அழுத்தா?"

"பிடித்திருக்கிறேன், வா."

ஆறு கோடையில் அந்தச் சொல் பொய்யானது அதுதான் முதல் தடவை. கீரி அதை நம்பிக் கால் வைத்தது. பாதிப் பாறை ஏறியிருக்கும். மேலே அழுத்தனின் பின்னங்கால் வழுக்கியது. முன்னங்காலும் பிய்த்துக்கொண்டு வந்தது. உடும்பு, கொடி, கீரி, குட்டிகள் எல்லாம் ஒன்றாகச் சரிந்து கீழே விழுந்தன. நல்ல வேளையாக அடியில் காய்ந்த புதர் இருந்தது. உயிர் பிழைத்தார்கள். ஆனால் சின்னக் குட்டியின் கால் பிசகிவிட்டது. அது வீறிட்டு அழுதது.

அழுகைச் சத்தம் நரிக்குச் சாப்பாட்டு மணி. அது புதருக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தது. தும்பை குறுக்கே பாய்ந்து நின்று ஆடினாள். ஆனால் நரி ஒரு தடவை சேற்றைத் தின்ற நரி அல்லவா? இந்தத் தடவை அது முன்னங்காலை நீட்டவில்லை. சுற்றிச் சுற்றி வந்தது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துத் தும்பைதான் காலைத் தூக்கினாள். தூக்கிய காலை நரி லபக்கென்று கவ்விக்கொண்டது.

அழுத்தன் பத்தடி தள்ளிக் கிடந்தான். ஒரு நொடி, பிள்ளைகளே, ஒரே ஒரு நொடி, அவன் மனசுக்குள் ஒரு கெட்ட சந்தோஷம் எட்டிப் பார்த்தது. ஆடினாயே, இப்போது ஆடு பார்க்கலாம் என்று அது சொல்லிற்று. மறைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் நடந்ததைச் சொல்லாமல் கதை எதற்கு? அடுத்த நொடியே அவனுக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது. எழுந்து ஓடினான்.

ஓடியவன் என்ன செய்தான்? "இக்கு!" என்று கத்தி நரியை ஓர் உதை உதைத்தான். அது நரியின் கணுக்காலில் பட்டது. ஈ உட்கார்ந்த மாதிரிகூட இல்லை. நரி திரும்பிப் பார்க்கவும் இல்லை.

தும்பை வலியோடு அலறினாள். "உதைக்காதே அண்ணா, பிடி!"

அழுத்தன் பிடித்தான். முன்னங்கால் நகங்கள் அவனுக்கு அப்படியே இருந்தன. நரியின் பின்னங்காலை அந்த நகங்களாலும் தாடையாலும் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டான். நரி உதறிப் பார்த்தது. தரையில் அடித்துப் பார்த்தது. முள்ளில் இழுத்துக்கொண்டு ஓடிப் பார்த்தது. அவன் முதுகுத் தோல் கிழிந்ததே தவிரப் பிடி தளரவில்லை. கடைசியில் நரி வலி பொறுக்காமல் வாயைத் திறந்து ஊளையிட்டது. வாயைத் திறந்ததும் தும்பை விடுபட்டுத் தள்ளிப் போய் விழுந்தாள்.

"எனக்கு முயலும் வேண்டாம், உடும்பும் வேண்டாம், காலை விட்டால் போதும்!" என்று நரி கதறியது.

தும்பை போதும் அண்ணா என்று சொன்ன பிறகுதான் அழுத்தன் விட்டான். மூன்று காலில் நொண்டிக்கொண்டு போன நரி, அதற்குப் பிறகு அந்தக் காட்டுப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை.

கதை இதோடு முடிந்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் தேய்ந்த நகம் ஒரே நாளில் முளைக்குமா? ஒன்றரை மாதம் ஆயிற்று. அந்த ஒன்றரை மாதமும் சுனைக்கு யாரும் போக முடியவில்லை. வெயிலில் இரண்டு மலை தாண்டி ஆற்றுக்கு நடந்தார்கள். கீரி நொண்டிக் குட்டியை வாயில் கவ்விக்கொண்டு நடந்தது. தும்பை கடிபட்ட காலை இழுத்துக்கொண்டு நடந்தாள். யாரும் அழுத்தனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவனுக்கு இருந்தது.

பங்குனியில் காற்று திரும்பியது. கிளம்புவதற்கு முன் நாரை அவனைத் தேடி வந்து, ஏன் வந்தாய் என்று பழைய கேள்வியையே கேட்டது.

"தும்பையைப் பார்த்து வயிறு எரிந்து வந்தேன்" என்றான் அழுத்தன், தலையைத் தூக்காமல்.

"இதை அன்றைக்கே சொல்லியிருந்தால், இது உனக்கு ஒத்து வராது என்று நானும் அன்றைக்கே சொல்லியிருப்பேன். நீ ஆடுகிற காலைக்கூடப் பார்த்திருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு நாரை வடக்கே பறந்துபோயிற்று.

சித்திரையில் அழுத்தனுக்கு நகம் முழுதாக வளர்ந்தது. ஒரு மாலை கொடியைச் சுற்றிக்கொண்டு உச்சிக்கு ஏறிப் படுத்தான். கீழே எல்லாரும் கூடி நின்றார்கள். ஆனால் ஒருவரும் முன்னால் வரவில்லை. கீரி தன் சின்னக் குட்டியின் காலையே பார்த்துக்கொண்டு நின்றது. அதைக் குற்றம் சொல்ல முடியுமா?

தும்பை நொண்டிக்கொண்டு வந்து கொடியைப் பிடித்தாள். "பிடித்திருக்கிறாயா, அண்ணா?"

அழுத்தன் முன்னங்கால்களை ஊன்றிப் பார்த்தான். பின்னங்கால்களை ஒவ்வொன்றாக ஊன்றி, ஒவ்வொரு நகமும் வெடிப்பில் இறங்கியிருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தான்.

"பிடித்திருக்கிறேன், வா" என்றான்.

தும்பை கொடியில் கால் வைத்தாள்.

நீதி: பொறாமையால் போய்க் கற்கும் வித்தை, கையில் இருக்கும் வித்தையையும் கெடுக்கும்.